அட்சதை விழும் நொடி

என் அக்கா மகளின் கல்யாண வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். இரண்டு கேமரா, ஒரு போன், நான்கு மணி நேரக் காட்சி. அதிலிருந்து இருபது நிமிடப் படம் ஒன்றை வெட்டி எடுத்து, யூடியூபில் ஏற்றி, சொந்தக்காரர்களுக்கு லிங்க் அனுப்பினேன். முழங்கால் வலியால் கல்யாணத்துக்கு வர முடியாமல் போன பெரியம்மா மறுநாள் காலையில் கூப்பிட்டார். "எல்லாம் நல்லா இருக்குப்பா. தாலி கட்டுற நேரத்துல மட்டும் ஏன் படம் கலங்கிப் போச்சு? பொண்ணு மொகமே தெரியல."

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மண்டப வாசலின் வாழைமரம், மாலை மாற்றல், பந்தியில் இலை விரிக்கும் கைகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. கெட்டிமேளம் முழங்கி, கூட்டத்தின் கைகள் உயர்ந்து, அட்சதை பறக்கத் தொடங்கியதும் படம் சிறு சிறு சதுரங்களாக உடைந்தது. அரிசி மணிகள் காணாமல் போய், அவை பறந்த இடமெல்லாம் மஞ்சள் கறை. பெண்ணின் மூக்குத்தி கன்னத்தோடு கரைந்துவிட்டது. மூன்று நொடிதான். கைகள் தாழ்ந்ததும் சதுரங்கள் மெல்ல அடங்கி, மூக்குத்தி பழைய இடத்தில் மறுபடி மின்னியது. என் கணினியின் டைம்லைனில் அதே நொடியை நிறுத்திப் பார்த்தால், காற்றில் தொங்கும் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

கேமரா சரியாகத்தான் பிடித்திருக்கிறது. இணையமும் பெரியம்மாவின் போனும் மற்றக் காட்சிகளைச் சரியாகத்தான் காட்டின. எடிட்டிங் முடிந்த பிறகு திறக்கும் எக்ஸ்போர்ட் பெட்டியில், பிட்ரேட் என்ற கட்டத்தில், ஃபைல் சின்னதாக இருந்தால் சீக்கிரம் ஏறும் என்று நான் 4 என்ற எண்ணைப் போட்டிருந்தேன். பதினாறு மணி நேரம் எடிட் செய்தவன், அந்தப் பெட்டியில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அந்த எண் என்ன செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு கணக்கு. 1080 என்று நாம் சொல்லும் படத்தில் ஒரு ஃப்ரேமுக்கு 1920-க்கு 1080, அதாவது 20,73,600 பிக்சல்கள். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எண்ணுக்கு ஒரு பைட். ஒரு ஃப்ரேம் 62 லட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடினால் 15 கோடியே 55 லட்சம் பைட். ஒரு நிமிடத்துக்கு 9.3 ஜிபி. எங்கள் இருபது நிமிடப் படத்தை அப்படியே எழுதி வைத்தால் 186 ஜிபி பிடிக்கும்.

நொடிக்கு 24 முதல் 30 ஃப்ரேம் வரை உள்ள 1080 படங்களுக்கு யூடியூப் பரிந்துரைக்கும் பிட்ரேட் 8 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 80 லட்சம் பிட். பைட்டுக்கு 8 பிட் வீதம் மூலத்தில் இருந்தது 124 கோடி பிட். ஏறத்தாழ 155-ல் ஒரு பங்கு. இதை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். இன்று பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்கள் எம்பி4 ஃபைலுக்குள் வைப்பது எச்.264 என்ற கோடெக்கை, அதாவது படத்தைச் சுருக்கி எழுதும் முறையை. 2003-ல் வகுத்த தரம் அது. அது ஃப்ரேமை 16-க்கு 16 பிக்சல் கொண்ட சதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறது. 1080 படத்தில் அப்படி 8,160 சதுரங்கள். நொடிக்குக் கிடைக்கும் 80 லட்சம் பிட்டை 25 ஃப்ரேமுக்கும், பிறகு 8,160 சதுரத்துக்கும் பங்கு போட்டால் ஒரு சதுரத்துக்கு 39 பிட் வருகிறது. 'மா' என்ற ஒற்றை எழுத்தைக் கணினியில் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்க 48 பிட் வேண்டும்: மகரத்துக்கு 24, துணைக்காலுக்கு 24. ஓர் எழுத்துக்கும் போதாத இடத்தில் 256 பிக்சல்களின் ஒளியையும் நிறத்தையும் சொல்லியாக வேண்டும். நான் போட்ட 4-க்கு அதிலும் பாதி. இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது, தாலி கட்டும் நொடி கலங்கியதைவிட மற்ற நேரமெல்லாம் படம் தெளிவாக இருந்ததுதான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றியது.

அந்த அதிசயத்துக்கு மூன்று அடுக்குகள். முதலாவது நம் கண்ணை நம்பி நடப்பது. கண் ஒளிர்வின் மாற்றத்தை நுணுக்கமாகவும், நிறத்தின் மாற்றத்தை மேலோட்டமாகவும் பார்க்கிறது. விழித்திரையில் கோல் செல்கள் மிகுதி, கூம்பு செல்கள் குறைவு என்பதைப் பலர் இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அது பொருந்தாது, நல்ல வெளிச்சத்தில் கோல் செல்கள் செயலற்றுப் போகின்றன. கூம்பு செல்கள் தரும் செய்தியை ஒளிர்வு ஒரு பாதையாகவும், நிற வேறுபாடு வேறு பாதைகளாகவும் பிரித்துத்தான் நரம்புகள் மூளைக்குக் கொண்டு போகின்றன. நிறப் பாதைகள் நுணுக்கம் குறைந்தவை. இதைப் பயன்படுத்தி, ஒளிர்வை ஒவ்வொரு பிக்சலுக்கும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாக எழுதுகிறார்கள். எக்ஸ்போர்ட் பெட்டியில் 4:2:0 என்று தெரிவது இதுதான். இந்த ஒரே படியில் தரவு பாதியாகிவிடுகிறது. பார்ப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

தெரியும் இடம் ஒன்று உண்டு: முகூர்த்தச் சேலை. எச்டி வீடியோவுக்கான பிடி.709 என்ற நிறத் தரத்தில் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 71.52 சதவீதம் எடை, சிவப்புக்கு 21.26, நீலத்துக்கு 7.22. அரக்குச் சிவப்புப் பட்டில் ஒளிர்வு குறைவு. அதன் மடிப்பும் நெசவும் நிறத்தின் பங்கில்தான் பெரிதும் இருக்கின்றன. அந்தப் பங்கைத்தான் கால்வாசியாக்கிவிட்டோம். ஆகவே சிவப்புச் சேலை எப்போதும் கொஞ்சம் மெழுகினாற்போல் தெரியும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் மணமக்கள் பெயரைப் போட்டால் எழுத்தின் ஓரம் பிசிறுவதும் இதனால்தான். வெள்ளையிலோ வெளிர் மஞ்சளிலோ போடுங்கள்; கண்ணுக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது அடுக்கின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-ல் ஒரு யோசனையை ஆராய்வதற்கு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாகத் தெரிந்ததே காரணம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் மூன்றே சொல் தலைப்போடு ஒரு சிறு கட்டுரை வந்தது: 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'. இன்று ஜேபெக் படம் ஒன்றைத் திறக்கும்போதும், இணையத்தில் வீடியோ பார்க்கும்போதும் அந்தக் கொசைன் உருமாற்றமோ அதன் வாரிசோதான் உள்ளே ஓடுகிறது. எச்.264-ல் இருப்பதும் அதை முழு எண்களுக்கு ஏற்ப மாற்றிய வடிவம்தான்.

அது செய்வது இது. ஒரு சிறு சதுரத்தைப் பிக்சல் பிக்சலாகச் சொல்லாமல், சில அடிப்படை அலைக் கோலங்களின் கலவையாகச் சொல்கிறது. ஒரு கோலம் சதுரம் முழுக்க ஒரே வெளிச்சம். இன்னொன்று இடமிருந்து வலமாக மெல்ல இருளும். இன்னொன்று நெருக்கமான கோடுகள். மண்டபச் சுவரின் ஒரு சதுரத்தை எடுத்தால் முதல் சில கோலங்களே பெரிய எண்களாக வரும். நுணுக்கமான கோலங்களின் எண்கள் சுழிக்கு அருகில் இருக்கும். அடுத்து அந்த எண்களைக் குத்துமதிப்பாக்க வேண்டும். 52, 47, 3, 2 என்று வந்தவற்றைப் பத்தின் மடங்குகளாக்கினால் 50, 50, 0, 0. வரிசையாக வரும் சுழிகளை எழுத ஏறத்தாழ இடமே தேவைப்படாது. எத்தனையின் மடங்கு என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது. பிட் தாராளமாக இருந்தால் இரண்டின் மடங்கு. நெருக்கடி வந்தால் நாற்பதின் மடங்கு. நாற்பதாகும்போது பட்டுக் கரையின் நெசவும் மூக்குத்தியும் முதலில் சுழியாகின்றன. எல்லாக் கோலமும் போய் முதல் கோலம் மட்டும் எஞ்சினால் அந்தச் சதுரம் ஒரே நிறத் திட்டு. பெரியம்மா பார்த்த கட்டங்கள் அவைதான்.

சரி, நெருக்கடி ஏன் தாலி கட்டும்போது மட்டும் வந்தது? அங்கேதான் மூன்றாவது அடுக்கு. அடுத்தடுத்த ஃப்ரேம்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், கோடெக் எப்போதாவது ஒருமுறைதான் முழு ஃப்ரேமை எழுதும். இடையில் உள்ளவற்றுக்கு 'முந்தின ஃப்ரேமில் இங்கிருந்த சதுரம் இப்போது மூன்று பிக்சல் வலப்பக்கம் போயிருக்கிறது' என்று குறிப்பு எழுதினால் போதும். சில ஃப்ரேம்களுக்கு முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் பார்த்துக் குறிப்பெடுக்கும். கேமரா அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், 39 பிட் வேண்டிய சதுரத்துக்கு ஒரு பிட்கூடத் தேவைப்படாமல் போகலாம். மிச்சமானதை மற்றச் சதுரங்கள் பங்கிட்டுக்கொள்ளும். படம் தெளிவாக இருப்பதன் ரகசியம் இந்தப் பங்கீடு.

இப்போது அட்சதையைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மணிகள், ஒவ்வொன்றும் தனித் திசை, தனி வேகம், ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு இடம். ஒரே சதுரத்துக்குள் ஐந்து மணி ஐந்து பக்கம் போனால் 'வலப்பக்கம் மூன்று பிக்சல்' என்ற குறிப்புக்குப் பொருளில்லை. முந்தின ஃப்ரேம் எதற்கும் உதவாது. எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். அதே நேரம் போட்டோகிராபர்களின் ஃபிளாஷ் வேறு வெட்டுகிறது. ஒரே ஒரு ஃப்ரேமில் மேடை முழுக்க வெளிச்சம் ஏறி, அடுத்ததில் இறங்கும். அசையாமல் நின்ற தூணும் சுவரும்கூடத் திடீரென்று மாறியவையாகிவிடும். படத்தின் எல்லாச் சதுரங்களும் ஒரே நொடியில் கை நீட்டுகின்றன. கொடுக்க இருந்ததோ சதுரத்துக்கு இருபது பிட். குடும்பமே காத்திருந்த நொடியும் கோடெக்குக்கு மிகக் கடினமான நொடியும் ஒன்றாகிவிட்டன. மழை, அலை, காற்றில் ஆடும் வேப்ப இலை, ஹோமப் புகை, திருவிழாக் கூட்டம், இருட்டில் எடுத்த காட்சியின் புள்ளிப் புள்ளியான இரைச்சல் எல்லாம் இதே வகைதான். இருட்டுக் காட்சி இருந்தால் எக்ஸ்போர்ட்டுக்கு முன் இரைச்சலை இலேசாகக் குறைத்துவிடுவது நல்லது. எதற்கும் உதவாத அந்தப் புள்ளிகள் முகத்துக்குப் போக வேண்டிய பிட்டைத் தின்றுவிடும்.

இனி, எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்த ஒன்று. நாம் ஏற்றும் ஃபைலை யாரும் பார்ப்பதில்லை. யூடியூப் அதைப் பிரித்து, ஃப்ரேம்களாக்கி, தன் கோடெக்கில் பல அளவுகளில் மறுபடி சுருக்கி எழுதுகிறது. பெரியம்மாவின் போனுக்கு அவரது இணைய வேகத்துக்கு ஏற்ற ஒன்று போகும். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு வேறொன்று. இந்த மறு சுருக்கத்துக்காக மட்டும் தனி சிப்பே செய்து சர்வர்களில் பொருத்தியிருப்பதாகக் கூகுள் 2021-ல் வெளியிட்டது. ஆக, எக்ஸ்போர்ட் பெட்டியில் நாம் அமைப்பது பார்வையாளருக்கான படத்தை என்று நினைத்தால் கணக்கு முழுக்கத் தவறிவிடும். உண்ணும் நெல்லை அவிக்கலாம். விதைநெல்லை அவித்தால் அடுத்த போகம் இல்லை. நாம் அனுப்புவது விதைநெல்.

ஏற்கெனவே உடைந்த சதுரங்களோடு ஒரு ஃபைல் போய்ச் சேர்ந்தால், சதுரங்களின் ஓரம் உண்மையான கோடா, சுருக்கத்தின் காயமா என்று அங்குள்ள கோடெக்குக்குத் தெரியாது. காயத்தையும் காட்சி என்று நம்பி, தன்னிடம் உள்ள சொற்ப பிட்டை அதற்கும் செலவழிக்கும். சான்றிதழின் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்தால் அரசு முத்திரை கறுப்புத் திட்டாகிவிடுவது போலத்தான். 1969-ல் ஆல்வின் லூசியர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஓர் அறையில் தான் பேசியதைப் பதிவு செய்து, அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்து, அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். கடைசியில் பேச்சு போய் அறையின் ஓசை மட்டும் நின்றது. அதன் வழியில் ஒருவர் தன் வீடியோவை யூடியூபில் ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றி, 2010-ல் ஆயிரமாவது முறையை எட்டினார். முகமும் குரலும் அடையாளமே தெரியாமல் போயிருந்தன. நாம் ஆயிரம் முறை செய்வதில்லை. ஆனால் வாட்ஸப்பில் வந்த காட்சியை டைம்லைனில் போட்டு, எக்ஸ்போர்ட் செய்து, ஏற்றினால் கேமராவின் சுருக்கம், வாட்ஸப்பின் சுருக்கம், நம் சுருக்கம், தளத்தின் சுருக்கம் என்று நான்கு தலைமுறை ஆகிவிடுகிறது. போனில் எடுத்தவரிடம் மூல ஃபைலை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்; இல்லையென்றால் கேபிள் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பிட்ரேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். பரிந்துரைத்த 8 எம்பிபிஎஸ் என்பதை ஆரம்ப எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அட்சதை போன்ற காட்சி உள்ள 1080 படத்துக்கு நான் இப்போது 20 கொடுக்கிறேன். இருபது நிமிடப் படம் 1.2 ஜிபிக்குப் பதில் 3 ஜிபி ஆகும். பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் உள்ள இணைப்பில் 16 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம். பதினாறு மணி நேர வேலைக்கு மேலும் இருபத்து நான்கு நிமிடம் கொடுக்கலாம். அதற்காக 100, 200 என்று போவதிலும் பயனில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் இழப்பெல்லாம் தளத்தின் பக்கம்தான் நடக்கும். நம் எண்ணால் அதை மாற்ற முடியாது.

எண்ணைவிட முக்கியமானது, அதை எப்படிப் பங்கிடச் சொல்கிறோம் என்பது. சிபிஆர் என்றால் எல்லா நொடிக்கும் ஒரே அளவு. பந்தியில் பாயசம் ஊற்றுவதற்கும் தாலி கட்டுவதற்கும் சம பங்கு. விபிஆர் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். அதிலும் இரண்டு பாஸ் என்ற தேர்வு இருந்தால், மென்பொருள் படத்தை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்து எங்கே செலவு அதிகம் என்று குறித்துக்கொண்டு, இரண்டாம் முறைதான் எழுதும். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருள்களில் வேறொரு வழி இருக்கிறது: பிட்ரேட்டையே சொல்லாமல் தரத்தை மட்டும் சொல்வது. எச்.264 படங்களை எழுதும் எக்ஸ்264 என்ற நிரலில் இதற்கான சிஆர்எஃப் அளவுகோல் 0 முதல் 51 வரை போகும். எண் குறையக் குறையத் தரம் கூடும். தானாக வருவது 23. மறுபடி சுருக்கப்படப் போகிற ஃபைலுக்கு 16 முதல் 18 வரை வைக்கலாம். ஃபைல் எவ்வளவு பெரிதாகும் என்று முன்கூட்டித் தெரியாது என்பது மட்டும்தான் இதில் சிரமம்.

ஃப்ரேம் ரேட்டில் ஒரே விதிதான்: எடுத்தது எதுவோ, அதுவே எக்ஸ்போர்ட். 25-ல் எடுத்ததை 60 ஆக்கினால் அசைவு வழுவழுப்பாகாது. இருந்த ஃப்ரேம்களே ஒழுங்கற்றுத் திரும்ப வரும். எங்கள் கல்யாணத்தில் கேமராக்கள் 25, போன் 30. போன் காட்சியில் நொடிக்கு ஐந்து ஃப்ரேம் விழுந்துபோய், மாப்பிள்ளை அழைப்பில் கார் விட்டு விட்டு நகர்ந்தது. அதை எக்ஸ்போர்ட் பெட்டியில் சரிசெய்ய முடியாது. எடுக்கும்போதே எல்லாரும் ஒரே எண்ணில் வைத்திருக்க வேண்டும். போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃப்ரேம் ரேட்டைத் தாமாகவே மாற்றிக்கொள்வதும் உண்டு. நாதஸ்வரம் வாசிப்பவரின் விரலும் ஓசையும் போகப் போக விலகினால் அங்கே தேடுங்கள்.

ரெசல்யூஷனில் எடிட்டர்கள் கைக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது. 1080-ல் எடுத்த படத்தை 1440 ஆகவோ 4கே ஆகவோ பெரிதாக்கி ஏற்றுவது. இல்லாத நுணுக்கம் இதனால் வந்துவிடாது. ஆனால் அந்த அளவில் ஏற்றும் படங்களுக்கு யூடியூப் விபி9 போன்ற திறமையான கோடெக்கையும் கூடுதல் பிட்ரேட்டையும் ஒதுக்குகிறது. நிறத்துக்கும் ஆதாயம் உண்டு: 4கே படத்தில் 4:2:0 போட்ட பின்னும் நிறத்தின் பங்கு மட்டுமே 1920-க்கு 1080 இருக்கும். அரக்குச் சேலை மெழுகாமல் தப்புகிறது. பார்ப்பவர் அந்தப் பெரிய அளவைத் தேர்ந்து பார்த்தால்தான் இந்த ஆதாயம் முழுதாகக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், ஏஏசி, ஸ்டீரியோவுக்கு 384 கேபிபிஎஸ் என்பது பரிந்துரை. அதை அப்படியே வைக்கலாம். கெட்டிமேளம் உள்ள படமென்றால் உச்சத்தைச் சுழி டெசிபல் வரை ஏற்றாமல் ஒரு டெசிபலாவது கீழே நிறுத்துங்கள். சுருக்கும்போது ஒலியலையின் வடிவம் சற்று மாறி உச்சம் மேலே எழும்; இடமில்லாவிட்டால் தவில் வெடித்துக் கேட்கும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்' என்ற பெட்டி இருந்தால் டிக் செய்யுங்கள். எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை அது ஃபைலின் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவரும். நிறத்துக்கு பிடி.709.

நான் அந்தப் படத்தைத் திரும்ப எக்ஸ்போர்ட் செய்தபோது முழுப் படத்தையும் ஏற்றவில்லை. தாலி கட்டுவதற்கு ஐந்து நொடி முன், ஐந்து நொடி பின் என்று பத்து நொடியை மட்டும் வெட்டி, மூன்று விதமாக எழுதினேன்: 1080-ல் 8, 1080-ல் 20, 1440-க்குப் பெரிதாக்கி 30. மூன்றையும் பொதுவில் தெரியாதபடி 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றினேன். ஏற்றியவுடன் பார்க்கக் கூடாது. முதலில் குறைந்த அளவுதான் தயாராகும், பெரிய அளவுகள் வரச் சிறிது நேரம் ஆகும். டீ குடித்துவிட்டு வந்து, என் கணினியில் பார்க்காமல் அக்காவின் பழைய போனில் போட்டு, கைகள் உயரும் ஃப்ரேமில் நிறுத்தினேன். முதலாவதில் மணிகள் கோடுகளாகத் தெரிந்தன. இரண்டாவதில் மணிகள் மணிகளாகவே இருந்தன. சேலை மட்டும் கொஞ்சம் மங்கல். மூன்றாவதில் மூக்குத்தியின் கல் தெரிந்தது. பெண்ணின் நெற்றிச்சுட்டிக்கு மேலே வகிட்டில் ஓர் அரிசி ஒட்டிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அக்கா போனை வாங்கி அந்த ஃப்ரேமைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "இதையே பெரியம்மாவுக்கு அனுப்புடா" என்றாள்.